சட்டத்தில் ஒரு வரி வேண்டும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரைச் சீமையையும் விட்டுப் பிழைக்க வந்தவர்கள். ஊரில் அண்ணன் தம்பிகள் பயிர் செய்யும் நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கேரளத்து மலையில் ஒரு வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளிருந்து வருகிறது. ஆகவே விலங்குகளைக் காக்கும் சட்டத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம்.

1886-ல் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில ஆட்சிக்கும் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 8,000 ஏக்கர், நீர் தேங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். தண்ணீர் முந்தியது, சட்டம் பிந்தியது. ஆயினும் நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்தக் கேட்டபோது, அணையின் பலத்தைப் பற்றிய வாதத்தோடு, வனச் சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன என்ற வாதமும் எழுந்தது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதன் பிறகு கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது. அதையும் 2014 மே மாதம் அரசியல் சாசன அமர்வு செல்லாது என்றது. வெற்றிதான். ஆனால் நம் உரிமைக்கு ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுப் படி ஏற வேண்டுமா?

அரசியல் சட்டப்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. காடும் வனவிலங்கும் 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், பொதுப் பட்டியலுக்குப் போயின. காட்டின் பெயரால் டில்லி செய்யும் சட்டம் தண்ணீரையும் தொடுகிறது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பாருங்கள். சரணாலயத்துக்குள் போகிற, வெளியே வருகிற நீரைத் திருப்பவோ நிறுத்தவோ கூட்டவோ தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விலங்குகளின் நன்மைக்கு அவசியம் என்றால்தான் அனுமதி. அந்த அதிகாரி யார்? சரணாலயம் இருக்கும் மாநிலத்தின் அதிகாரி!

2022-ல் மறுபடி திருத்தினார்கள். உள்ளூர் மக்கள் குடிக்கவும் வீட்டுக்கும் நீர் எடுப்பது குற்றமாகாது. தொடர அனுமதிக்கப்பட்ட உரிமைகளுக்கும் தடையில்லை. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த விளக்கத்தில் பாசனம் என்ற சொல் இல்லை. மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம் என்ற சொல்லும் இல்லை.

ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாங்கள், புதிய விதி வந்தால் முதலில் தேடுவது ஒரே வரியைத்தான்: ஏற்கெனவே பணியில் இருப்பவர் கதி என்ன? அந்த வரி இல்லையென்றால் வருடக்கணக்கில் மனு எழுத வேண்டும்.

1964-ல் அமெரிக்காவில் வனப் பாதுகாப்புச் சட்டம் செய்தபோது அப்படி ஒரு வரி சேர்த்தார்கள். மாநில நீர்ச் சட்டங்களிலிருந்து விலக்கு உண்டென்று இந்தச் சட்டத்தால் மத்திய அரசு கோரவும் இல்லை, இல்லையென்று மறுக்கவும் இல்லை என்பது அதன் பொருள். அதன் பிறகும் அங்கே வழக்கு நடந்தது, அது வேறு விஷயம். இரு தரப்பு உரிமையும் இருந்தபடியே இருக்கட்டும் என்று சட்டமன்றம் சொல்லி வைத்தது.

நாம் காட்டுக்கு விரோதிகள் அல்ல. காடு போனால் பெரியாறும் போகும். பக்கத்து மேஜை மலையாளத் தோழரோடும் சண்டை இல்லை. கீழே வாழும் அவர் மக்களின் உயிர்ப் பாதுகாப்பை அணைப் பொறியாளர்கள் பார்க்கட்டும். அதை வனச் சட்டத்தோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். நாம் கேட்பது இதுதான்: சட்டத்துக்கு முன்பே ஒப்பந்தத்தாலோ வழக்கத்தாலோ நிலைத்த பாசன உரிமைகளை இச்சட்டம் கூட்டாது, குறைக்காது.

இந்த வாசகத்தோடு எம்.பி.க்களுக்கு அனுப்பும் மனு வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்தோடு சொந்த ஊர்ப் பெயரையும் எழுதுங்கள்.