மின்னூலும் ஒற்றைக் கடையும்

வடமராட்சியிலே நெல்லியடிச் சந்தியை அறியாதார் இலர். அதன் அயலூராகிய கரவெட்டி, பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள் பிறந்த ஊர். அருகிலுள்ள அல்வாயிலிருந்து 2007ஆம் ஆண்டிலே ‘ஜீவநதி’ என்னும் இலக்கியச் சஞ்சிகை வெளிவரத் தொடங்கிற்று. இத்தகைய சூழலிலே, தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தாமே நூல் வெளியிடும் எழுத்தாளர் பலர். வெளியீட்டு விழாவிலே உறவினரும் நண்பரும் சில பிரதிகளை வாங்குவர். எஞ்சியவை வீட்டு அலுமாரியிலே தங்கிவிடும்.

இவர்களுக்கு மின்னூல் ஒரு நல்வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கடை 2016ஆம் ஆண்டிலே தமிழ் நூல்களுக்கும் வழிதிறந்தது. அங்கே எழுத்தாளர் விரும்பினால் ஏற்கத்தக்க தனியுரிமைத் திட்டம் ஒன்றும் உண்டு. அதனை ஏற்பவர், 90 நாள்களுக்குத் தம் மின்னூலை வேறெந்தக் கடையிலும் விற்றலாகாது. இணையத்தில் இலவசமாக வழங்கலும் ஆகாது.

இதனால் வரும் நன்மை யாது? மாதச் சந்தா செலுத்திப் படிப்போர் புரட்டும் பக்கங்களின் அளவுக்கேற்ப ஆசிரியருக்குப் பணம் கிடைக்கும். இந்தியாவில் விற்பனையாகும் பிரதிக்கு, விலை விதிகளுக்கு அமைந்ததாயின், 70 விழுக்காடு கிடைக்கும். தனியுரிமை வழங்காதவர்க்கோ 35 விழுக்காடே. ஆகவே சென்னையிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாசகரை உடையவர்க்கு, அதிலும் தொடர்ந்து நாவல் எழுதுபவர்க்கு, இத்திட்டம் பயன் தரும்.

ஆயின் நெல்லியடியின் ஊர் வரலாற்றையோ முதியோர் நினைவுகளையோ எழுதியவரின் நிலை வேறு. அவருடைய வாசகர் பெரும்பாலும் ஊரவரே. இலங்கைக்கெனத் தனியான அமேசான் கடை இல்லை. பக்கக் கணக்கில் வரும் சிறு தொகைக்காக ஊர் வாசகருக்குக் கதவடைத்தல் அவருக்கு ஆதாயமாகுமா?

பிறிதொன்றும் எண்ணற்பாலது. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் மீளவேயில்லை. ஒரு நூல் பல இடங்களில் இருத்தலே அதற்குக் காவல் என்பதை இம்மண் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளை எவரும் இலவசமாகப் படிக்கத் திரட்டி வைத்திருப்பதும் இந்நோக்கினாலேயே.

எனவே தனியுரிமையை முற்றாக வெறுத்தலும் வேண்டா. அதற்கே அடிமையாதலும் வேண்டா. அது மின்வடிவை மட்டுமே கட்டுப்படுத்தும்; அச்சுப் பிரதியைத் தடுக்காது. ஆதலால் அச்சுப் பிரதிகளை முதலிலேயே நூலகங்களிற் சேர்ப்பித்துவிடலாம். பின்னர் ஒருமுறை 90 நாள் சோதித்துப் பார்க்கலாம். தவணை தானாகவே புதுப்பிக்கப்படுவதாகையால், முடிவு நாளைக் குறித்துவைத்தல் அவசியம். வருவாய் சிறிதெனக் கண்டால் விலகி, நூலைப் பொதுவில் வைக்கலாம். விற்கும் கடை ஒன்றாக இருப்பினும் இருக்கட்டும். நூலின் இருப்பிடம் ஒன்றாக இருத்தல் ஆகாது.