இரத்தம் கூறும் சாட்சி



முல்லைப் பெரியாற்றின் இரு கரையிலும் நெல்லும் தென்னையும் திராட்சையும் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஐப்பசி அடைமழையில் அங்கே மாட்டுத் தொழுவங்களில் ஒரு வாடை எழும். நனைந்த தீவனச் சாக்கின் வாடை. அந்தச் சாக்கைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

நான் கால்நடை மருத்துவத் தொழிலை மேற்கொண்ட புதிதில், சின்னமனூருக்கு அருகே ஒரு சிற்றூரில் ஒரு பசுவைப் பார்க்க அழைத்துச் சென்றனர். பால் வற்றி, தீனி மறுத்து, கண் மஞ்சளித்து நின்றது அது. ‘என்ன தீனி வைத்தீர்கள், அம்மா?’ என்றேன். ‘கடலைப் புண்ணாக்குதான் ஐயா. நேற்றோடு தீர்ந்தது. சாக்கையும் அலசிக் காயப்போட்டுவிட்டேன்’ என்றார் அந்த மூதாட்டி. எட்டாம் நாள் பசு இறந்தது. ‘கிடாரிக்கும் அந்தக் கடையிலேயே வாங்கலாமா?’ என்று கேட்டார். பூசண நஞ்சு என்று எனக்கு ஐயம் இருந்தது, சான்று இல்லை. வாய்மூடி நின்றேன்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் இந்த நஞ்சு உலகுக்குத் தெரிய வந்தது. அவை தின்றது பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணத்தின் பெயரைச் சுருக்கியே அஃப்ளாடாக்ஸின் என்று பெயரிட்டனர். நம் நாட்டில் 1974இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் மலைக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்தம் வீட்டு நாய்களும் அதே நோயால் மாண்டன.

சாக்கைச் சோதித்தால் போதாதா என்பீர்கள். பூசணம் சாக்கு முழுதும் ஒரே சீராகப் பரவுவதில்லை. ஒரு பிடியில் நஞ்சு இருக்கும், அடுத்த பிடியில் இராது. சாக்கே தீர்ந்துபோனால் கேட்கவே வேண்டாம். ஆகவே விலங்கின் உடலையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

கல்லீரல் பழுதுற்றால் இரத்தத்தில் சில நொதிகள் மிகும். ஆனால் கல்லீரலைக் கெடுப்பவை பல. நொதி குற்றவாளியின் பெயரைச் சொல்லாது. பெயரைச் சொல்வது வேறொன்று. கல்லீரலில் உருமாறிய அஃப்ளாடாக்ஸினில் ஒரு பகுதி, இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தின் லைசின் பகுதியைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் புரதம் அழியும் வரை அதை விடுவதில்லை. மனிதரில் ஆல்புமின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 நாள்கள் ஆகும். மாட்டில் சற்றுக் குறைவு. கோழியிலோ சில நாள்களே. எனவே தீவனம் தீர்ந்து இரண்டு வாரம் ஆன பின்னும் மாட்டின் இரத்தம் உண்மையைக் கூறவல்லது. பாலும் கூறும்; ஆனால் நஞ்சுத் தீவனத்தை நிறுத்திய சில நாள்களில் பால் தெளிந்துவிடும்.

மக்காச்சோளத்தில் தோன்றும் ஃபூமோனிசின் இன்னும் தந்திரமானது. அது குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வதே அரிது. ஆயினும் ஸ்ஃபிங்கனின், ஸ்ஃபிங்கோசின் என்னும் இரு பொருள்களின் விகிதத்தை அது குலைத்துவிடும். திருடனைக் காணாவிடினும் கலைந்த பெட்டியைக் காண்பது போன்றது இது.

இச்சோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். சிற்றூர் மருந்தகத்தில் அவை இரா. ஆயினும் நோயுற்ற மாட்டின் இரத்தத்தையும், அதே தீனி தின்ற நலமான மாட்டின் இரத்தத்தையும் எடுத்துத் தெளிநீரைப் பிரித்துக் குளிரில் காத்து அனுப்ப எவராலும் இயலும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

அந்த அம்மையார் கிடாரியை அடுத்த வாரச் சந்தையில் விற்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.