மருந்துப் பெட்டியோடு செல்லும் சிறு கருவிகள்

(ஆதரவாளர் கூடுகையில் பேசியது)

உங்கள் காணிக்கையால் வாங்கிய கருவிகளை எப்படிப் பராமரிக்கிறோம் என்று சிலர் கேட்டீர்கள், கேட்கவேண்டிய கேள்விதான்.

கிராம ஊழியத்துக்கு நாங்கள் எடுத்துச் செல்வதில் விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் மிகச் சிறியது. நிமோனியாவில் மூச்சுத் திணறும் குழந்தைக்கு அது 90 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், பிராணவாயு கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் கருவி வேலை செய்யாவிட்டால்? ஆகவே முகாம் முடிந்ததும் செல்களைக் கழற்றித் தனியே வைக்கிறோம். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசிந்து தகடுகளை அரித்துவிடும்.

லித்தியம் பேட்டரிக்கு வேறு முறை. பல வாரம் உபயோகிக்காவிட்டால் பாதியளவு சார்ஜில், வெப்பமில்லாத அலமாரியில் வைக்கிறோம். வெயிலில் நிற்கும் ஜீப்புக்குள் விடுவதில்லை. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. மறுபடி சார்ஜ் போடவும் கூடாது. பிராணவாயு ஓடும் கட்டிலருகே செல்போன் சார்ஜ் போட யாருக்கும் அனுமதியில்லை. சிறு பொறியும் அங்கே நொடியில் பெருந்தீயாகும். நோயாளியின் உறவினர் கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

வெளிநாட்டிலிருந்து கருவி கொண்டுவரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் மின்சாரம் 230 வோல்ட். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததை நேரே செருகினால் கருகிப்போகும். வாங்குமுன் பின்புறச் சீட்டைப் பாருங்கள். உபரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். கருவிக்குரிய சார்ஜரையும் மறவாமல் சேர்த்து வையுங்கள்.