சுமா கடற்கரையில் பாஷோ

ஜப்பானின் ஹொன்ஷு தீவிலுள்ள சுமா கடற்கரை, முராசாகி சிக்கிபுவின் புதினத்து இளவரசன் ஒதுங்கி வாழ்ந்த இடம். இலையுதிர்கால நிலவுக்குப் பேர்பெற்றது. மட்சுவோ பாஷோ 1688ஆம் ஆண்டு அங்குச் சென்றார். சென்றதோ கோடைத் தொடக்கம். நிலவு இருந்தது, ஏதோ ஒன்று இல்லை. மணலில் உலர்ந்த மீனைக் கவர வந்த காகங்களை மீனவர் வில்லெடுத்து விரட்டினர். கடலோரத்தார்க்கு இது தகுமோ என முகஞ்சுளித்த அவர், 1184ஆம் ஆண்டு அங்கு நடந்த போரின் எச்சமோ எனவும் ஐயுற்றார். (வயிற்றுப்பாட்டுக்காக மீனைக் காப்பவர்மீது சற்றுக் கடுமையான தீர்ப்புத்தான்!) ஏட்டில் படித்த நிலவைக் கண்டதாகவே பாடிவிட எத்தனையோ கவிஞர்க்குக் கை கூசாது. பாஷோவோ, நிலவின் அந்தக் குறையையும் மீனவரின் அம்பு முனையையுமே தம் சிறுபாக்களில் வைத்தார்.