பாங்கு கேட்ட காதுக்கு அடுத்து என்ன சொன்னோம்?



எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் எம் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த நேயர்களே!

எமது வீடுகளில் குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். அந்தப் பச்சிளம் சிசுவுக்கு என்ன விளங்கும் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால், மறுநாளிலிருந்து அதே காதுக்கு நாம் எதைச் சொல்கிறோம்? பசித்தால் பால், அழுதால் தொட்டில், அத்துடன் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். "பேசத் தெரியாத பிள்ளையுடன் என்ன பேச்சு?" என்று வாப்பாமார் பலர் ஒதுங்கிக்கொள்கின்றனர்.

சகோதரர்களே! குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளது குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த புதிதில் அதன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம் மட்டுமே. பாலூட்டும் தாயின் முகம் இருப்பதும் அதே தூரத்தில்தான். படைத்தவனின் ஏற்பாட்டைப் பாருங்கள்! பிள்ளையின் முதலாவது பாடம் தாயின் முகம். அதன் முதலாவது மத்ரஸா தாயின் மடி.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். தமது மகள் ஸைனப் (ரழி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தவாறே தொழுதிருக்கிறார்கள். ஸுஜூதுக்குச் செல்லும்போது இறக்கி வைப்பார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். அபிசீனியாவில் வளர்ந்த உம்மு காலித் என்ற சிறுமி புதுச் சட்டையுடன் வந்தபோது, அவளுக்குப் பழக்கமான அபிசீனிய மொழியிலேயே "அழகாக இருக்கிறது" என்று சொன்னார்கள். அவள் அன்னாரின் முதுகிலிருந்த நபித்துவ முத்திரையைத் தொட்டு விளையாடினாள். தந்தை அதட்டினார், நபியவர்களோ, விட்டுவிடுமாறு கூறினார்கள்.

மஹ்மூத் இப்னு ரபீஃ (ரழி) அவர்களுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, நபியவர்கள் வாயில் எடுத்த நீரை அவரது முகத்தில் விளையாட்டாக உமிழ்ந்தார்கள். அதை அவர் பெரியவரான பின்னும் மறக்கவில்லை. இமாம் புஹாரி (ரஹ்) அவர்கள் அந்தச் செய்தியைத் தமது கிரந்தத்தின் கல்வி பற்றிய பகுதியிலேயே பதிந்திருக்கிறார்கள். ஒரு கண விளையாட்டு அறிவாகி எம்மை வந்தடைந்திருக்கிறது.

எனது வீட்டில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஓர் இரவு நான் ஜும்ஆவுக்கான குத்பாவை எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்பது மாதமான என் மகள் கரண்டியால் தட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எரிச்சலுற்று, அவளை உள்ளே கொண்டுபோகுமாறு மனைவியிடம் சொன்னேன். "அவள் சத்தம் போடவில்லை, உங்களைக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் தட்டிவிட்டு உங்கள் முகத்தைத்தானே பார்க்கிறாள்" என்றார் அவர். நான் பேனாவை வைத்துவிட்டு மேசையைத் தட்டினேன். மகள் சிரித்தாள், மீண்டும் தட்டினாள். அன்று நான் எழுதிக்கொண்டிருந்த தலைப்பு, 'பிள்ளைகளின் உரிமைகள்'. வெட்கித்துப்போனேன்.

பெற்றோர்களே! இதற்கு விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பொருட்கள் தேவையில்லை. குளிப்பாட்டும்போது கை, கால், மூக்கு என்று பெயர் சொல்லுங்கள். குழந்தை "ஆ" என்றால் நீங்களும் "ஆ" என்று சொல்லி, அது பதில் தரும்வரை சற்றுப் பொறுத்திருங்கள். உரையாடலின் ஒழுக்கம் அங்கேதான் தொடங்குகிறது. எட்டு, ஒன்பது மாதமானால் ஒரு கிண்ணத்தைத் துணியால் மூடித் தேடவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருள் இருக்கிறது என்பதைக் குழந்தை அப்போது கற்கிறது. கழுவிய சிரட்டையும் மரக் கரண்டியும் போதும். ஆனால், கச்சான், புளியங்கொட்டை, நாணயம் போன்றவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

அழுகையை நிறுத்துவதற்குக் கையடக்கத் தொலைபேசியைக் கொடுக்கும் பழக்கம் இன்று பரவியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்கிறது. தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும் வேளைகளில், நாளொன்றுக்கு மொத்தமாக 30 நிமிடங்களேனும் குப்புறக் கிடத்தி விளையாடவிடுமாறும் அது கூறுகிறது. அந்நேரம் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திரை பேசும், ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்காது. பிள்ளை சிரித்தால், அதைப் பார்த்துத் திரும்பவும் சிரிக்காது.

இன்னுமொன்று. சத்தம் கேட்டுத் திரும்பாத, முகம் பார்த்துச் சிரிக்காத, மழலை பேசாத குழந்தையைக் கண்டால், "எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பிந்தித்தான் பேசினார்கள்" என்று காத்திருக்காதீர்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்றும் மறைக்காதீர்கள். கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ உடனே சொல்லுங்கள். குறை எவ்வளவு விரைவில் அறியப்படுகிறதோ அவ்வளவுக்கு உதவியும் பயன்தரும்.

இளைஞர்களே! நாளை நீங்களும் வாப்பாமார்தாம். இன்று உங்கள் ராத்தாவின் குழந்தையைச் சற்று நேரம் மடியில் வைத்து விளையாட்டுக் காட்டுங்கள். களைத்திருக்கும் அந்தத் தாய்க்கும் அது ஓர் உதவி.

நேயர்களே! பிள்ளை எமக்குத் தரப்பட்ட அமானிதம். இன்று மஃரிபுக்குப் பின் தொலைபேசியை ஒரு புறம் வைத்துவிட்டு, பாங்கு கேட்ட அந்தக் காதின் அருகே சென்று அதன் பெயரைச் சொல்லி அழையுங்கள். அது உங்கள் முகத்தைத் தேடும்.

எமது பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, அவர்களை அன்போடு வளர்க்கும் பொறுமையை அல்லாஹ் எமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.