கமக்காரரும் ஐயாயிரம் ரூபாவும்



2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆந் திகதி நம் நாட்டுப் பாடசாலைகள் பெருந்தொற்றின் காரணமாக மூடப்பட்டன. ஒரு வாரஞ் சென்று, 20ஆந் திகதி, நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் பீற்றூட்டும் கோவாவும் முற்றி நின்ற காலம் அது. தோட்டஞ் செய்வதற்குத் தடையில்லை என அரசாங்கம் அறிவித்தது மெய்யே. ஆனால், தோட்டஞ் செய்வது வேறு, விளைந்ததை விற்பது வேறு அன்றோ? அனுமதிப் பத்திரம் பெற்ற லொறிகள் சில ஓடின. எல்லார் தோட்டத்து வாயிலுக்கும் அவை வரவில்லை.

அவ்வாண்டு ஏப்பிரலிலும் மே மாதத்திலும் அரசாங்கம் தலா ஐயாயிரம் ரூபா வழங்கிற்று. சமுர்த்தி பெறுவோர், முதியோர், மாற்றுத் திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருடன், கமக்காரர் காப்புறுதியிற் பதிவு பெற்றோரும் அதற்குரியவர் ஆயினர். கிராம அலுவலரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் நோய் அச்சத்தையும் பொருட்படுத்தாது வீடு வீடாகச் சென்று கொடுத்ததை நான் கண்டேன். அதனைக் குறைத்துக் கூற எனக்கு மனமில்லை.

எமது பாடசாலைப் பிள்ளை ஒருவரின் தந்தை 8 பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பீற்றூட் பயிரிட்டிருந்தார். சமுர்த்திப் பட்டியலிலும் அவர் பெயரில்லை, காப்புறுதியிலும் இல்லை. வருமானம் இழந்த குடும்பம் என மேன்முறையீடு செய்தே பணத்தைப் பெற்றார். பெற்றபின் அவர் என்னிடம் கூறியது இது: “ஐயா, இந்தக் காசு வீட்டு உலைக்குச் சரி. நான் உழுது மூடின பீற்றூட்டுக்கு ஆர் கணக்குப் பாப்பினம்?”

இக்கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 70 ரூபா விற்ற காலம் அது. ஐயாயிரம் ரூபாவுக்கு 71 லீற்றர் கிடைக்கும். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு அது எத்தனை நாளைக்குக் காணும் என்பதைத் தோட்டக்காரரே சொல்லட்டும். அரசாங்கம் கொடுத்தது குடும்பத்தின் பசிக்கு. பயிரின் நட்டத்துக்கு அன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, கமக்காரருக்கு நிவாரணம் கிடைத்துவிட்டது என்று பேசுவதே பிழை.

பிற நாடுகள் செய்தது என்ன? இந்தியா, ஆண்டுதோறும் மூன்று தவணையாக வழங்கும் 6,000 ரூபாவில் ஒரு தவணையான 2,000 ரூபாவை 2020 ஏப்பிரலில் முற்படக் கொடுத்தது. அது காணிப் பதிவேட்டில் பெயருள்ளவருக்கு உரியது. குத்தகைக்காரருக்கு அங்கும் இடமில்லை. அமெரிக்கா, 1,600 கோடி டொலரை நேரடிக் கொடுப்பனவாக ஒதுக்கி, விளைபொருளின் அளவைக் கொண்டு கணக்கிட்டது. விளைச்சலைக் கணக்கெடுக்கும் அம்முறை எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஆயின், அளவு மிகுந்தவருக்கே பணமும் மிகும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நம்மிடம் அத்தகைய கணக்கு எங்கே? 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்கு நெல் விளைவிப்போரைக் காக்க எழுந்தது. வெங்காயமும் பீற்றூட்டும் விளையும் மேட்டுக்காணியிலோ, குத்தகை பெரும்பாலும் வாய்ச்சொல்லால் நடப்பது. எழுத்தில் கேட்டால் அடுத்த போகத்துக்குக் காணி கிடையாதோ என்று குத்தகைக்காரர் அஞ்சுவார். எழுதிக் கொடுத்தால் உரிமை கோருவாரோ என்று சொந்தக்காரர் அஞ்சுவார். இருவரும் அயலவர், சிலவேளை உறவினருங்கூட. ஆதலால் காகிதம் பிறப்பதில்லை.

காணி யாருடையது என்ற வினாவைத் தொடாமல், இப்போகத்தில் இங்கு இன்னார் இன்ன பயிர் செய்தார் என்பதை மட்டும் கமநல சேவை நிலையத்தில் எழுதி வைக்கலாகாதா? இதனை அந்தத் தந்தையிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “காணிக்காரரை ஒருக்காக் கேட்டுப் பாப்பம் ஐயா” என்றார். இன்னும் அவர் கேட்கவில்லை.