ராக்காவலுக்குத் துப்பாக்கி எதற்கு?

(கப்பலூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



முறை வைத்து ராக்காவல் போவதென்று நீங்கள் எடுத்த முடிவு நல்ல முடிவு. சைக்கிள் போகிறது, ஆடு போகிறது, கிணற்று மோட்டாரிலிருந்து செம்புக் கம்பி போகிறது. புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போன ஆடு திரும்பி வராது.

கூட்டம் ஆரம்பிக்கும் முன் ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: "என்னிடம் லைசென்ஸ் உள்ள கைத்துப்பாக்கி இருக்கிறது. காவலுக்கு வரும்போது சட்டைக்குள் வைத்துக்கொண்டு வரட்டுமா? வெளியே தெரியாது. ஆபத்துக்கு உதவும்." கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நாலு பேருக்குத் துணையாக நிற்கவேண்டும் என்றே கேட்டார். அதனால் பதிலையும் மழுப்பாமல் சொல்கிறேன்: வேண்டாம், தோழரே. வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோனால் உறையில் போட்டு, முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்று 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள் சொல்கின்றன. ஆகவே மறைவாக வைத்திருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால் ஊரைக் காக்கும் அதிகாரம் அந்த லைசென்சில் இல்லை. பெரிய குற்றத்தைக் கண்ணெதிரே செய்தவனை நாமும் பிடிக்கலாம். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டப்படி ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். தற்காப்பு உரிமையும் உண்டு, தேவையான அளவுக்கு மட்டும். ஆட்டைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அதற்குப் பெயர் காவலல்ல, கொலை.

இப்படித் துப்பாக்கியோடு காவல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு உலகமறிந்த வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஃப்ளாரிடா மாகாணத்தில் சான்ஃபோர்டு என்றொரு ஊர். 2012 பிப்ரவரி 26 இரவு, மழைத் தூறல். ட்ரேவான் மார்ட்டின் என்ற பதினேழு வயது நீக்ரோ இனப் பையன் கடையில் மிட்டாயும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு, தகப்பனாரோடு தங்கியிருந்த வீட்டுக்கு நடந்து வருகிறான். அந்தக் குடியிருப்பின் காவல் தொண்டர் ஜார்ஜ் சிம்மர்மேன். அவரிடம் லைசென்ஸ் இருந்தது. இடுப்பில் மறைவாகத் துப்பாக்கியும் இருந்தது. பையனைப் பார்த்ததும் சந்தேகம். போலீசுக்குப் போன் செய்கிறார். பின்தொடர வேண்டியதில்லை என்று அங்கிருந்து சொல்கிறார்கள். சற்று நேரத்தில் இருவருக்கும் கைகலப்பு, ஒரு குண்டு, பையன் பிணமானான். ஆறு வாரத்துக்குப் பிறகுதான் சுட்டவர் மீது வழக்கே போட்டார்கள். தற்காப்பு என்ற வாதம் எடுபட்டு 2013 ஜூலையில் விடுதலையாகிவிட்டார்.

அந்த நாட்டிலேயே, தெருக்காவல் திட்டத்தை நடத்தும் ஷெரீப்கள் சங்கம், காவல் தொண்டர்கள் ஆயுதம் தூக்கக்கூடாது என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. பார்ப்பது, போலீசுக்குச் சொல்வது, அவ்வளவே வேலை. வெறுங்கையோடு இருப்பவன் சந்தேகம் வந்தால் தள்ளி நின்று கூப்பிடுவான். இடுப்பில் துப்பாக்கி இருப்பவன் கிட்டே போகிறான். அந்தத் தைரியம்தான் ஆபத்து.

அமெரிக்கா இருக்கட்டும். நம் திருமங்கலம் தாலுகாவுக்குக் காவல் என்பது புதிதா? பாட்டன் பூட்டன் காலத்துக் காவல் முறை இந்தச் சீமையில் பேர்போனது. கையில் கம்பு, வளரி. கூலி களத்து மேட்டில் தானியம். களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையேல் ஈடு கொடுக்க வேண்டும். அதிகாரத்தோடு பொறுப்பும் சேர்ந்திருந்தது. அந்த முறையில் அத்துமீறலும் இருந்தது. 1890களில் விவசாயிகள் 'பண்டு' சேர்த்து எதிர்த்து நின்றதும் உண்மைதான்.

வெள்ளைக்காரன் என்ன செய்தான்? 1878இல் ஆயுதச் சட்டம் போட்டு, இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தொடக்கூடாது, வெள்ளையன் தொடலாம் என்றான். பிறகு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, காவல் காத்த பிறமலைக் கள்ளர் சமூகத்தையே பிறவித் திருடர் என்று ரிஜிஸ்தரில் எழுதினான். ராத்திரி ஊரை விட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டு, மாயக்காள் என்ற தாய் உள்பட பதினாறு பேர் மாண்டார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

ராத்திரியில் நடப்பவன் திருடன் என்று சர்க்காரே எழுதி வைத்திருந்த சீமை, தோழர்களே, இது! இன்று இதே கப்பலூரில் ராத்திரி நடப்பவன் யார்? ஷிப்டு முடிந்து வருகிற நூற்பாலைத் தொழிலாளி. நடுச்சாமத்தில் மடை திறக்கப் போகிற விவசாயத் தொழிலாளி. தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பீகார், ஒடிசாக்காரன். "யாரடா அது, நில்லு!" என்று நீங்கள் போடும் சத்தம் அவனுக்கு விளங்காது. பயந்து ஓடுவான். ஓடினால் சந்தேகம் கூடும். அந்த நேரத்தில் விரல் எங்கே இருக்கும்?

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று புரளி கிளம்பியது. போளூர்ப் பக்கம் குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்தே கொன்றுவிட்டது. துப்பாக்கி இல்லாமலே இவ்வளவு!

இன்னொன்று. 2014இல் கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வர் விற்றது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். பஞ்சுத் தூசியில் நிற்கிறவன் எத்தனை மாதச் சம்பளத்தைச் சேர்க்க வேண்டும்? நாம் ஒன்று கொண்டுவந்தால், பணக்காரன் இரண்டு கொண்டுவருவான். அந்தப் பந்தயத்தில் ஏழை ஜெயித்ததில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் துப்பாக்கியோடு வந்தது மிராசுதார் கூட்டம். குடிசையில் வெந்தது கூலிக்காரர், 44 உயிர்.

ஆகவே காவலை இப்படி நடத்துங்கள். தனியாக ஒருவர் போகவேண்டாம், நாலு நாலு பேராகப் போங்கள். டார்ச் லைட், விசில், போன் போதும். ஷிப்டு நேரம் தெரிந்த ஆலைத் தோழர் ஒருவர் ஒவ்வொரு முறையிலும் இருக்கட்டும். இந்தி தெரிந்த வெளிமாநிலத் தோழரையும் சேருங்கள். பிடிபட்டவன் மேல் யாரும் கை வைக்கக்கூடாது. 112க்குப் போன் போட்டுவிட்டுச் சுற்றி நில்லுங்கள். போலீஸ்காரர் மாதிரி பட்டை, தொப்பி எதுவும் வேண்டாம். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் நடந்த காவல் கொலைகளுக்குப் பிறகு 'போலீஸ் நண்பர்கள்' என்ற தொண்டர் அமைப்பின் மீதும் புகார் எழுந்து, சர்க்காரே அதை நிறுத்தியது உங்களுக்குத் தெரியும்.

யார் யார் எந்த இரவு என்ற பட்டியலை டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள், தாய்மார்களும் பார்க்கட்டும். கேள்வி கேட்ட தோழர் முதல் முறையிலேயே பெயர் கொடுத்திருக்கிறார். இருக்கிறதிலேயே பெரிய டார்ச் லைட்டை அவர் கையில் கொடுங்கள்.